லெவல் 3 சான்றிதழை லெவல் 4 ஆக்கித் தருகிறேன் என்கிறாரே?

கேள்வி: நான் சேலம் தாதகாப்பட்டியில் இருக்கிறேன். என் தம்பிக்கு 27 வயது, பத்தாவது பாஸ். எட்டு வருஷமாக லேத் பட்டறையில் வேலை. போன மாதம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனான். ஐடிஐ சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்பு ஒரு பயிற்சி முகாமில் கொடுத்த சான்றிதழ் அவனிடம் இருக்கிறது, அதில் லெவல் 3 என்று போட்டிருக்கிறது. ஐந்து ரோடு பக்கம் ஒரு ஏஜென்ட், 35,000 ரூபாய் கொடுத்தால் பழைய தேதியில் ஐடிஐ சான்றிதழ் வாங்கி அதை லெவல் 4 ஆக்கித் தருகிறேன் என்கிறார். என் கொழுந்தனார் வயரிங் வேலை செய்கிறார். அவருக்கு லைசென்ஸும் சேர்த்து மொத்தம் 50,000 என்கிறார். அட்வான்ஸோடு தம்பியின் பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினலும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பணமும் வேண்டாம், ஒரிஜினலும் வேண்டாம்.

முதலில் அந்த லெவல் விஷயம். படிப்பு, தொழிற்பயிற்சி எல்லாவற்றையும் ஒரே ஏணியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று மத்திய அரசு 2013 டிசம்பரில் ஒரு தகுதி வரிசை கொண்டுவந்தது. அப்போது 10 படி. 2023-ல் அதை 8 படியாக்கி, நடுவில் அரைப்படிகளையும் செருகினார்கள். இதையெல்லாம் பட்டறைக்காரர்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் ஏஜென்ட் கடை போட்டிருக்கிறார்.

லெவல் என்பது நீங்கள் எந்த மாடியில் நிற்கிறீர்கள் என்று காட்டும் எண், அவ்வளவுதான். எந்த வீட்டு மாடி என்று அது சொல்லாது. உங்கள் தம்பி வைத்திருப்பது, தெரிந்த வேலையைச் சோதித்துப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ். அது பொய்யல்ல, பத்திரமாக வைத்திருக்கட்டும். ஆனால் கம்பெனி கேட்டது ஐடிஐ முடித்தவருக்குக் கிடைக்கும் தேசிய தொழிற்சான்றிதழ். லேத் வேலைக்கான டர்னர் பிரிவுக்கு அது இரண்டு வருடப் படிப்பு. முகாம் சான்றிதழில் லெவல் 4 என்றே இருந்திருந்தாலும் அதே கதவில் அதே பதில்தான் வந்திருக்கும். லெவலை ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாலே அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பழைய தேதி சான்றிதழ் பற்றி. இப்போது வரும் ஐடிஐ சான்றிதழில் கியூஆர் கோடு இருக்கிறது, இணையத்தில் சரிபார்க்கலாம். ஆள் எடுக்கும் கம்பெனிகள் பலவும் அதைத்தான் முதலில் செய்கின்றன. அதையும் தாண்டிப் போனாலும் மாட்டிக்கொள்ள வேறு வழி இருக்கிறது. நான் பார்த்த ஒரு பையனின் சான்றிதழ் அவன் இரண்டு வருடம் வேறொரு ஊர் ஐடிஐயில் முழுநேரம் படித்ததாகச் சொன்னது. அதே இரண்டு வருடமும் அவனுக்கு இங்கே ஒரு பட்டறையில் இ.எஸ்.ஐ. கட்டியிருந்தார்கள். இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்தார்கள், வேலை போயிற்று. போலி ஆவண வழக்கு வரக்கூடாதே என்று அந்த அப்பா அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். சான்றிதழ் வாங்கிக் கொடுத்தவர் அதற்குள் போன் நம்பரை மாற்றிவிட்டார்.

சரி, நேர் வழி என்ன? உங்கள் தம்பி போன்றவருக்கென்றே ஒன்று இருக்கிறது. அகில இந்திய தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். ஐடிஐயில் சேராமல், அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் உள்ளவர்களுக்கு இது திறந்திருக்கிறது. முதலில் ஒரு முதனிலைத் தேர்வு, அதில் தேறினால் ஐடிஐ மாணவர்கள் எழுதும் அதே இறுதித் தேர்வு, கிடைப்பதும் அதே தேசிய தொழிற்சான்றிதழ். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கு அறிவிப்பு வெளியிடும். பத்திரிகையில் ஒரு மூலையில் சின்னதாக வரும், விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள். அந்த அறிவிப்பைப் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று நானும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏற்காடு ரோட்டில் கோரிமேட்டில் இருக்கும் அரசு ஐடிஐக்குத் தம்பியை ஒரு நாள் நேரில் போகச் சொல்லுங்கள். 'தனித்தேர்வர், டர்னர்' என்று சொல்லிக் கேட்டால் போதும். தமிழ் அறிவிப்பில் 'கடைசலர்' என்று இருக்கும், அது டர்னர்தான். எந்தப் பட்டறையிலும் யாரும் சொல்லாத வார்த்தை அது, தெரியாமல் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் உண்டு.

இதில் சிக்கல் தேர்வில் இல்லை, அனுபவச் சான்றில். பட்டறை முதலாளி லெட்டர்பேடில் எழுதித் தர வேண்டும், பட்டறையும் ஏதாவது ஒரு சட்டத்தின் கீழ் பதிவானதாக இருக்க வேண்டும். இங்கேதான் முதலாளிகள் பின்வாங்குவார்கள். எட்டு வருடம் வேலை பார்த்தான் என்று எழுதிக் கொடுத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று யாராவது வந்து நிற்பார்களோ என்று பயம். தம்பி சண்டை போட வேண்டாம். தேவை மூன்று வருடம்தான் என்று சொல்லட்டும். பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, லேத்தில் என்ன வேலை செய்தான், பட்டறையின் பதிவு எண், முத்திரை, கையெழுத்து. நாலு வரி போதும். 'நல்ல பையன், ஒழுக்கமானவன்' என்று ஒரு பக்கம் எழுதித் தருவார்கள், அதில் தேதியே இருக்காது. அது பொண்ணு பார்க்கப் போகும்போது உதவும், இதற்கு உதவாது.

நான் டர்னர் பிரிவில் பயிற்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டறைப் பையன்கள் செய்முறையில் தடுமாறி நான் அதிகம் பார்த்ததில்லை. டேப்பர் கடைவதும் த்ரெட் வெட்டுவதும் அவர்களுக்குக் கை போன போக்கில் வரும். ஒரு பையன் மைக்ரோமீட்டரைத் தொடுவதற்கு முன்பே, கட்டை விரலால் தடவிப் பார்த்து 'இன்னும் ரெண்டு பாயிண்ட் எடுக்கணும் சார்' என்றான். அளந்தேன், ரெண்டு பாயிண்ட்தான் இருந்தது. அதே பையன் தியரியில் 'கட்டிங் ஸ்பீடு கணக்கிடுக' என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்தான். தினமும் செய்கிற வேலைதான், அதற்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருப்பது அவனுக்குத் தெரியாது. அதனால் 35,000-ல் ஒரு சிறு பங்கைச் செலவழித்து டர்னர் தியரி புத்தகமும் பழைய கேள்வித்தாள்களும் வாங்கிக் கொடுங்கள். தியரித் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கும், விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலைவாய்ப்புத் திறன் என்று ஒரு பாடமும் உண்டு. அதை அலட்சியம் செய்ய வேண்டாம். தம்பி மாதிரி ஒருவரைக் கணக்கெடுப்பில் 'பத்தாவது படித்தவர்' என்று எழுதிவிட்டு, சேலத்தில் திறமையான ஆள் கிடைப்பதில்லை என்று கூட்டம் போடுகிறார்கள். செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைப்பவரின் கதையும் இதேதான், அதை இன்னொரு நாள் பேசலாம்.

நேராக ஐடிஐயில் சேர்ந்து படிக்கலாமே என்பார்கள். சேரலாம். ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வயதே இல்லை. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் 27 வயதில், வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருபவன், இரண்டு வருடம் 750 ரூபாயில் எப்படி ஓட்டுவான்?

அடுத்து உங்கள் கொழுந்தனார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் இதில்தான் அதிகம். அவர் எழுத வேண்டியது மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வயரிங்கில் ஐந்து வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும், மேல் வயது வரம்பு இல்லை. விண்ணப்பமும் விவரமும் அதே ஐடிஐயில். ஐடிஐயில் வயர்மேனோ எலக்ட்ரீஷியனோ படித்தவருக்கு இந்தத் தேர்வு தேவையே இல்லை. அவர்கள் சான்றிதழை வைத்து மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். படிக்காமல் வேலை கற்றவருக்கு மட்டும்தான் இது. இதில் தேறி வாங்குவதை எல்லோரும் 'லைசென்ஸ்' என்கிறார்கள். பேரிலேயே 'உதவியாளர்' என்று இருக்கிறது பாருங்கள். உரிமம் உள்ள ஒப்பந்ததாரரிடம் வேலை செய்ய அது தகுதி. ஒரு வீட்டு வயரிங்கைத் தானே ஒப்பந்தம் எடுத்து முடித்து, மின் இணைப்புக்குக் கையெழுத்துப் போட அது போதாது, அதற்கு ஒப்பந்ததாரர் உரிமம் தனியாக வேண்டும். ஏஜென்ட் விற்பது உதவியாளர் சான்று, வசூலிப்பது ஒப்பந்ததாரர் விலை. அதுவும் உண்மையான சான்றாக இருந்தால். கொழுந்தனார் மெயின் போர்டு வரை தானே கட்டக்கூடியவர் என்றால் செய்முறைத் தேர்வு அவருக்குப் பெரிய விஷயமே இல்லை.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஒருவேளை தம்பி உங்களுக்குத் தெரியாமல் மார்க் ஷீட்டைக் கொடுத்திருக்கிறானா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். கொடுத்திருந்தால் ஏஜென்டிடம் வாதாட வேண்டாம். 'வேறு ஒரு இன்டர்வியூவுக்கு வேண்டும், நாளைக்குத் திருப்பித் தருகிறேன்' என்று சொல்லி வாங்கி வரச் சொல்லுங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனித்தேர்வு விண்ணப்பத்துக்கு அந்த மார்க் ஷீட்தான் முதல் காகிதம்.