பராமரிப்பு வேலைக்குக் கான்ட்ராக்டர்: பாதுகாப்பை எப்படி எடைபோடுவது? கேள்வி பதில்

ஆலைப் பராமரிப்பை வெளி ஆட்களிடம் கொடுக்கும்போது அவர்களுடைய பாதுகாப்பு நடைமுறையை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் ஷட்டவுன் வேலைகளிலேயே பழகியவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று கான்ட்ராக்டர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். மூவரிடமும் ஐ.எஸ்.ஓ. 45001 சான்றிதழ் இருக்கிறது. பாதுகாப்பில் மூவரும் சமம் என்று வைத்துக்கொண்டு, குறைந்த விலைக்காரருக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. அது 2018-இல் வந்த தரநிலை. பாதுகாப்பை நிர்வகிக்க அந்த நிறுவனத்தில் ஒரு முறை இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உங்கள் பம்பைக் கழற்றப்போகும் ஃபிட்டர் எப்படி வேலை செய்வார் என்பதை அது சொல்லாது. முதலில் சான்றிதழில் எந்த வேலைகளுக்கு, எந்த இடத்துக்கு என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். தலைமை அலுவலகத்துக்கு மட்டும் வாங்கியதாகக்கூட இருக்கலாம்.

அப்புறம், சமீபத்தில் முடித்த வேலைகளின் பர்மிட்டுகளை, அதாவது வேலையைத் தொடங்க ஆலை எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டுகளை, கேட்டு வாங்கிப் பாருங்கள். களத்தில் நிரப்பிய பர்மிட் பார்த்தாலே தெரியும். நேரம் 10.40 என்று இருக்கும், கேஸ் அளவு இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கும், வெவ்வேறு கையெழுத்து, ஓரத்தில் கிரீஸ் விரல் பதிந்திருக்கும். எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் டிக், எல்லா வேலையும் காலை 8.00-க்குத் தொடக்கம் என்றால் அது மேசையில் உட்கார்ந்து எழுதியது.

விலையையும் பிரித்துக் கேளுங்கள். சாரம், கேஸ் மீட்டர், காவல் நிற்கும் ஆள், மீட்புக் கருவி எல்லாம் தனித்தனி வரியாக வரட்டும். குறைந்த விலைக்காரரிடம் பெரும்பாலும் இந்த வரிகள்தான் காணாமல் போயிருக்கும்.

கேள்வி: ஒருவர் "விபத்து விகிதம் பூஜ்யம்" என்று கொடுத்திருக்கிறார். நம்பலாமா?

பதில்: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இந்த விகிதத்துக்கு டி.ஆர்.ஐ.ஆர். என்று பெயர், கணக்கு இதுதான்: பதிவு செய்ய வேண்டிய காயங்களின் எண்ணிக்கையை 2,00,000-ஆல் பெருக்கி, உழைத்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 100 பேர் வாரத்துக்கு 40 மணி வீதம் 50 வாரம் உழைத்தால் வருவது அந்த 2,00,000. இருபதே பேர் இருக்கும் கம்பெனி ஆண்டுக்கு 40,000 மணிதான் உழைக்கும். அங்கே ஒரே ஒரு காயம் நடந்தாலும் விகிதம் 5 ஆகிவிடும், நடக்காவிட்டால் பூஜ்யம். ஆக, ஓர் ஆண்டு எண்ணில் ஒன்றும் தெரியாது. ஐந்தாண்டுக் கணக்கு கேளுங்கள். சிலர் 10 லட்சம் மணி நேரத்துக்குக் கணக்குப் போடுவார்கள். ஒப்பிடும் முன் எல்லாரையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவாருங்கள்.

காயமும் பூஜ்யம், நூலிழையில் தப்பிய சம்பவங்களும் பூஜ்யம் என்றால் எனக்குப் பயமாக இருக்கும். அங்கே யாரும் வாய் திறப்பதில்லை என்று அர்த்தம். "உங்களிடம் நடந்ததிலேயே மோசமான விபத்து எது, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல் விவரமாகச் சொல்கிறவரை நான் மதிப்பேன்.

கேள்வி: பேச்சுவார்த்தைக்கு அரை மணிதான் கிடைக்கும். ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

பதில்: விற்பனை ஆளிடம் கேட்காதீர்கள். வேலையை நடத்தப்போகும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "சாய்வான கன்வேயரில் கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும். எப்படி ஆரம்பிப்பீர்கள்?" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

"எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு..." என்று தொடங்கினால் கவலைப்பட வேண்டும். அது கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் நிறுத்தும், மோட்டாருக்கு வரும் மின்சாரத்தைப் பிரிக்காது. தெரிந்தவர் மின் பேனலில் ஐசோலேட்டரை, அதாவது மின்சாரத்தை முழுதாகப் பிரிக்கும் சுவிட்சை, ஆஃப் செய்வதிலிருந்து தொடங்குவார். வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய டேகைக் கட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்திருப்பார்கள் என்பார். எல்லாச் சாவியும் சூப்பர்வைசரிடம் இருந்தால் அது யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

மின்சாரம் போனதோடு ஆபத்து போய்விடாது. பெல்ட்டில் சரக்கு இருந்தால், கியர்பாக்ஸைப் பிரித்ததுமே அது பின்னோக்கி உருளும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் எடை மேலே தொங்கிக்கொண்டிருக்கும். சரக்கை இறக்குவது, பெல்ட்டைக் கவ்வி நிறுத்துவது, எடைக்கு முட்டுக் கொடுப்பது எல்லாம் அவர் வாயிலிருந்து தானாக வர வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது. மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்வது. அந்த டெஸ்டரையே மின்சாரம் இருக்கும் இடத்தில் முன்னும் பின்னும் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்காமலே சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: டேங்க் சுத்தம் செய்ய வந்தவர், "ராத்திரி முழுக்க மேன்ஹோலைத் திறந்து வைத்தால் போதும், கேஸ் மீட்டர் வேண்டாம்" என்கிறார். அனுபவசாலிதான்.

பதில்: தயவுசெய்து அவரை இறக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எரியும் வாயு, தீப்பிடிக்கும் கீழ் வரம்பில் 10 சதவீதத்தைத் தொடக் கூடாது. நச்சு வாயுவையும் அளக்க வேண்டும். இதெல்லாம் மூக்குக்குத் தெரியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை போல நாறும்தான், ஆனால் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து அதிகம். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். அதனால் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளந்து, ஆள் உள்ளே இருக்கும்வரை மீட்டரை ஓடவிட வேண்டும். மூடிக் கிடக்கும் இரும்பு டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும், ரசாயனம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. டேங்குக்கு வரும் குழாய்களில் வால்வை மூடினால் மட்டும் போதாது. குழாயை அடைக்கும் தகடான பிளைண்ட் போடுங்கள், அல்லது குழாயையே கழற்றிவிடுங்கள்.

இதைவிட முக்கியமாக, "உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால்?" என்று கேளுங்கள். "நாங்கள் இறங்கித் தூக்கிவிடுவோம்" என்றால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் செத்தவர்களில் பலர், காப்பாற்ற இறங்கியவர்கள். இறங்குகிறவர் ஹார்னஸ் போட்டிருக்க வேண்டும், அதன் கயிறு வெளியே முக்காலி வின்ச்சில் மாட்டியிருக்க வேண்டும். வாசலில் நிற்பவர் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக் கூடாது.

கேள்வி: வெல்டிங் முடிந்ததும் எங்காவது தீப்பற்றுகிறதா என்று பார்த்து நிற்கும் தீக் காவல் எவ்வளவு நேரம்?

பதில்: குறைந்தது 30 நிமிடம் என்பது பழைய வழக்கம். இப்போது பல தரநிலைகள் 60 நிமிடம் கேட்கின்றன, நானும் அதையே கேட்பேன். சுற்றி 11 மீட்டருக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, நகர்த்த முடியாததைத் தீத்தடுப்புப் போர்வையால் மூடுங்கள்.

கேள்வி: எல்லாப் பொறுப்பும் கான்ட்ராக்டருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டோம். பிறகு எங்களுக்கு என்ன கவலை?

பதில்: சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அந்தக் குழாயில் என்ன ஓடியது, எந்த வால்வு கசியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பர்மிட் கொடுப்பதும் நீங்கள்தான்.

1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. குழாய் வாயில் கசிவைத் தாங்காத ஒரு மூடித் தகடு மட்டும் இருந்தது. வால்வு இல்லை என்ற தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். கசிந்தது, வெடித்தது, 167 பேர் இறந்தார்கள். ஒரே இயந்திரத்தில் இரண்டு வேலை நடந்தால் இரண்டு பர்மிட்டும் ஒன்றையொன்று குறிப்பிட வேண்டும். முடியாத வேலையை ஷிஃப்ட் மாறும்போது இடத்தில் நின்று காட்டி ஒப்படைக்க வேண்டும். இதை நடத்த உங்கள் பக்கத்திலும் ஆள் வேண்டும்.

கேள்வி: எடுத்த வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுகிறார்கள். தடுக்க முடியுமா?

பதில்: எழுத்து மூலமான உங்கள் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். கேட்டில் பட்டியலோடு ஆளைச் சரிபாருங்கள். நேர்காணலுக்கு வந்த சூப்பர்வைசர் களத்தில் இல்லையென்றால் அன்றே கேளுங்கள்.

கேள்வி: நான் கான்ட்ராக்ட் ஃபிட்டர். ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்து என்கிறார்கள். நிறுத்தினால் மறுநாள் கூப்பிடுவதில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கேள்வியை வேலை கொடுப்பவர்கள் முதலில் படிக்க வேண்டும். தாமதத்துக்கு அபராதம் என்று போட்டுவிட்டு, வேலையை நிறுத்தும் உரிமையும் உண்டு என்றால் அபராதம்தான் ஜெயிக்கும். பாதுகாப்புக்காக நின்ற மணி நேரத்துக்கும் கூலி உண்டு, அந்த நேரம் தாமதக் கணக்கில் சேராது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். காயமே இல்லாத மாதத்துக்குப் பரிசு கொடுப்பதையும் விட்டுவிடுங்கள், அது காயத்தை மறைக்கத்தான் சொல்லிக்கொடுக்கும்.

உங்களுக்கு: தனியாக நிறுத்தாதீர்கள், கூட வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "பயமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், "இந்த வால்வில் பிளைண்ட் இல்லை, போட்டதும் தொடங்குகிறோம்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் முதலாளியிடம் மட்டும் சொல்லி விடாமல், பர்மிட்டில் கையெழுத்துப் போட்ட ஆலை அதிகாரியிடமும் நேரே போய்ச் சொல்லி, காரணத்தையும் நேரத்தையும் அந்தப் பர்மிட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு அதைத் தாண்டி வேலையை ஓட்டச் சொல்ல யாரும் யோசிப்பார்கள்.