பலூனுக்குள் எழுதியவர்

கே: மகள் லண்டனில் படிக்கிறாள். அடுத்த மாதம் அவளைப் பார்க்கப் போகிறேன். நான் இருக்கும் வாரத்தில் அங்கே ஒரு கடையில் காமிக்ஸ் எழுத்தாளர் ஒருவர் பேசிவிட்டுக் கையெழுத்தும் போடுகிறாராம். படம் வரைந்தவர் வந்தாலாவது ஒரு படம் கிறுக்கித் தருவார். எழுதியவரைப் போய்ப் பார்த்து என்ன ஆகப் போகிறது?
- திருச்சி வாசகர்

ப: நானும் இப்படித்தான் முனகிக்கொண்டே போனேன். என் பேத்தி பிறந்த சமயம், லண்டனில் இருந்தேன். அங்கே ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் ஃபர்பிடன் பிளானட், சோஹோ பக்கம் பெர்விக் தெருவில் காஷ் என்று காமிக்ஸுக்கென்றே கடைகள் உண்டு. நான் போன கடையில் புத்தக அடுக்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு முப்பது மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு அடுக்கில் சாய்ந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். முழங்கால் கெஞ்சியது.

வந்தவர் எழுபதைத் தாண்டியவர். அந்த நாள் ஆங்கில வாரப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தவர். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து ஒரே ஒரு படக் கட்டத்துக்கு அவர் எழுதிய குறிப்பைப் படித்தார். மழை எந்தப் பக்கம் சாய்கிறது, கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, தட்ட ஓங்கிய கை எங்கே நிற்கிறது என்று அரைப் பக்கம். அதில் அச்சுக்கு வந்த வசனம் இரண்டே சொல். “மீதியெல்லாம் ஓவியருக்கு நான் எழுதும் கடிதம்” என்றார். பாத்திரத்தின் பேச்சை அடைக்கும் வட்டம்தான் பலூன், அதில் 25 சொல்லுக்கு மேல் போனால் வரைந்த முகம் மறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கு உடனே தமிழ்க் காமிக்ஸ் வெளிவரும் சிவகாசி ஞாபகம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பலூனில் ‘கண்டுபிடித்துவிட்டார்களே’யைத் திணித்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு எவன் கைதட்டினான்?

அப்புறம் கையெழுத்து வரிசை. என் கையில் அவருடைய புத்தகம் ஒன்று. கூடவே, தினத்தந்தித் தாளில் சுற்றிய என் பழைய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவனை வைத்துத்தானே. சொந்த ஊர் இங்கிலாந்து. 1962இல் வேலியன்ட் இதழில் பிறந்தவன். தாளைப் பிரித்ததும் “இது நான் எழுதியதில்லையே” என்றார். தெரியும், காட்டத்தான் கொண்டுவந்தேன் என்றேன். அட்டையைப் புரட்டினார், பின்னட்டையைப் பார்த்தார், மறுபடி முதல் பக்கம் வந்தார்.

“எழுதினவர் பேர் எங்கே?”

“இதில் போடவில்லை.”

“அங்கேயுமா?” என்று சிரித்தார். அவர்கள் ஊரிலும் அதே கதைதான். வாரப் பத்திரிகைகளில் பெரும்பாலும் பெயர் போட மாட்டார்கள். ஓவியர் ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால்கூட வெள்ளை மை வைத்து அழித்துவிடுவார்களாம். பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம். 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ என்ற இதழில், அங்கே வேலை பார்த்த கெவின் ஓ’நீல் என்ற ஓவியர் பெயர்களைப் போட ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. மாயாவியை முதலில் எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பின்னால் நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் அல்லவா, அவனை எழுதியவர்கள் விஷயத்தில் அந்தக் கைகூடத் தெரியவில்லை.

அவர் ஒரு பலூனில் விரலை வைத்து, “இவன் இங்கே என்ன சொல்கிறான்?” என்று கேட்டார். தமிழில் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பின்னால் நின்ற பையன் தொண்டையைச் செருமினான். அதற்காகவாவது போங்கள் சார்.

கே: படத்தை வரைகிறவர் ஓவியர். கதையே படத்தில்தான் நடக்கிறது. எழுத்தாளருக்கு அப்படி என்ன பெருமை?
- சேலம் வாசகி

ப: ஆளுக்கு ஆள் மாறும் அம்மா. இங்கிலாந்து எழுத்தாளர் ஆலன் மூர் ஒரு கட்டத்தின் வர்ணனையையே பக்கக் கணக்கில் எழுதுவதற்குப் பேர்போனவர். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டான் லீ நேர்மாறு. கதைச் சுருக்கத்தை மட்டும் சொல்லிவிடுவார், ஓவியர் பக்கம் பக்கமாக வரைந்து கொண்டுவந்ததும் பலூனில் வசனம் நிரப்புவார். அந்த முறையில் பாதிக்கு மேல் கதை ஓவியருடையதுதான் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. ஆனால் அநியாயம் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1939இல் பேட்மேன் வந்தபோது உருவாக்கியவர் என்று ஓவியர் பாப் கேன் பெயர் மட்டும்தான். கதை எழுதி, உடையையும் யோசனை சொல்லி மாற்றிய பில் ஃபிங்கர் 1974இல் காலமானார். அவர் பெயரை முறைப்படி சேர்த்தது 2015இல்.

கே: கையெழுத்து வாங்க எத்தனை புத்தகம் கொண்டுபோகலாம்? கடையிலேயே வாங்க வேண்டுமா?
- கோவை வாசகர்

ப: கடைக்குக் கடை வேறு, முன்னாலேயே கேட்டுவிடுங்கள். வீட்டிலிருந்து எத்தனை கொண்டுபோனாலும் அங்கே ஒன்று வாங்குவதுதான் மரியாதை. அவர்கள்தானே நாற்காலி போட்டவர்கள். மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். எனக்கு முன்னால் ஒருவர் சக்கரப் பெட்டியைத் திறந்தார், வரிசை மொத்தமும் பெருமூச்சு விட்டது. கறுப்பு அட்டை என்றால் வெள்ளி மை பேனா நீங்களே கொண்டுபோங்கள். வழவழப்பான தாளில் மை காயும்வரை மூடக் கூடாது. நான் மூடினேன். கையெழுத்து எதிர்ப் பக்கத்திலும் கண்ணாடியில் தெரிவது மாதிரி ஒட்டியிருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக. முக்கியமாக, உங்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் போதும் என்று நினைத்தவன் கதை கடைசியில் வருகிறது.

கே: அவரிடம் என்ன கேள்வி கேட்கலாம்?
- மதுரை மாணவர்

ப: “கதைக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?” என்று மட்டும் கேட்காதே தம்பி. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து இந்தக் கட்டத்தில் ஏன் வசனமே இல்லை என்று கேள்.

கே: கையெழுத்துப் போட்ட காமிக்ஸைப் பிற்பாடு விற்றால் விலை போகுமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

ப: சிலது போகும். அமெரிக்காவில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. கையெழுத்துப் போடும்போது அவர்கள் ஆள் பக்கத்தில் நின்று பார்ப்பார், பிறகு புத்தகத்தைத் தரம்பார்த்துக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரை வைப்பார்கள். அப்புறம் அட்டையைப் பார்க்கலாம், படிக்க முடியாது. அதில் ஆள் பெயர் எழுதாமல் வெறும் கையெழுத்து இருந்தால்தான் வியாபாரிகளுக்குப் பிடிக்கும். என்னுடையதில் பெயர் இருக்கிறது, நடுவில் இரண்டு எழுத்து இல்லாமல். விற்பதென்றால் அந்தப் பெயரில் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.