மசராட்டி ஏன் ஃபெராரி அளவுக்குப் பேசப்படுவதில்லை? அதன் வரலாறு என்ன?

இந்த இரண்டு இத்தாலியக் கார் நிறுவனங்களில் வயதில் மசராட்டிதான் மூத்தது. ஃபெராரி என்ற பெயரில் முதல் கார் ஓடியது 1947இல்தான். மசராட்டி பட்டறையோ இத்தாலியின் போலோன்யா நகரில் 1914 டிசம்பர் 1 அன்றே திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஃபெராரிக்கு 1988 வரை என்ஸோ ஃபெராரி என்ற ஒரே மனிதர் முகமாக இருந்தார். மசராட்டியைத் தொடங்கியவர்களோ இருபத்து மூன்றே ஆண்டுகளில் அதை விற்க நேர்ந்தது. இந்த வேறுபாடுதான் உங்கள் கேள்விக்கான விடை என்பது என் கருத்து.

தந்தை ரொடால்ஃபோ மசராட்டி ரயில்வே தொழிலாளி. அவருக்கு ஏழு மகன்கள். அவர்களில் அல்ஃபியேரி என்று பெயரிட்ட குழந்தை இறந்துபோக, அடுத்துப் பிறந்தவனுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்த இரண்டாவது அல்ஃபியேரிதான் பின்னாளில் நிறுவனத்தைத் தொடங்கியவர். மூத்தவர் கார்லோ சைக்கிளில் பொருத்தும் சிறு எஞ்சினைச் சொந்தமாகச் செய்தவர். 1910இல் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அல்ஃபியேரியுடன் தம்பிகள் எத்தோரேயும் எர்னெஸ்தோவும் பட்டறையில் சேர்ந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஸ்பார்க் பிளக் தயாரித்துப் பிழைத்தார்கள். மாரியோவுக்கு மட்டும் எஞ்சினில் நாட்டமில்லை, அவர் ஓவியர். போலோன்யா சதுக்கத்தில் கடல் தெய்வம் நெப்டியூனின் சிலை கையில் ஏந்தியிருக்கும் திரிசூலத்தைப் பார்த்துச் சின்னம் வரைந்து கொடுத்தவர் அவர்தான்.

மசராட்டி பெயர் தாங்கிய முதல் கார் 1926இல் வந்தது. அல்ஃபியேரியே அதை சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் ஓட்டித் தன் பிரிவில் வென்றார். 1929இல் இரண்டு எட்டு சிலிண்டர் எஞ்சின்களை அருகருகே இணைத்துப் பதினாறு சிலிண்டர் காரைக் கட்டினார்கள். அது கிரெமோனாவில் பத்து கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 246 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து உலக சாதனை படைத்தது. பெரிய ஆலையோ பணபலமோ இல்லாத ஒரு குடும்பப் பட்டறையின் சாதனை அது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1932இல் அறுவை சிகிச்சையின்போது அல்ஃபியேரி இறந்தார். அதன்பின் சகோதரர்களிடம் திறமை குறையவில்லை. கணக்கு வழக்குதான் கைக்கு அடங்கவில்லை. 1937இல் மோடெனாவைச் சேர்ந்த தொழிலதிபர் அடால்ஃபோ ஓர்சி நிறுவனத்தை வாங்கினார். சகோதரர்கள் பத்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கேயே வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் வடிவமைத்த காரில்தான் வில்பர் ஷா 1939, 1940 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். ஒப்பந்தம் முடிந்ததும் 1947இல் போலோன்யா பக்கமே திரும்பி, ஓஸ்கா என்ற சிறு நிறுவனத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். தங்கள் குடும்பப் பெயரைக் காருக்கு வைக்கும் உரிமை அப்போது அவர்களிடம் இல்லை. 1954இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஒன்றரை லிட்டர் எஞ்சின் கொண்ட ஓஸ்கா கார், மூன்று லிட்டருக்கும் பெரிய எஞ்சின் கொண்ட லான்சியா அணியைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தது. மசராட்டி வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம். அந்தக் குடும்பத்தின் வரலாறு அங்கேதான் தொடர்ந்தது.

ஓர்சியின் மசராட்டிக்கும் ஒரு மகத்தான நாள் உண்டு. 1957 ஆகஸ்ட் 4, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். அர்ஜென்டினாவைச் சேர்ந்த 46 வயது பந்தய ஓட்டுநர் ஃபாஞ்சியோ, மசராட்டி காரில் பாதி டாங்கு எரிபொருளுடன் புறப்பட்டு முன்னிலை பெற்றார். டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நின்றபோது வேலை இழுத்தடித்தது. வெளியே வந்தபோது இரண்டு ஃபெராரிகள் முக்கால் நிமிடத்துக்கும் மேல் முன்னால் போயிருந்தன. சுற்றுக்குச் சுற்று சாதனை நேரத்தை முறியடித்துக்கொண்டே துரத்தி, இருவரையும் தாண்டி, 3.6 வினாடி வித்தியாசத்தில் வென்றார். அவருடைய ஐந்தாவது ஃபார்முலா ஒன் உலகப் பட்டமும் அன்றே உறுதியானது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் வெனிசுவேலாவின் கராகஸ் பந்தயத்தில் அணியின் கார்கள் எல்லாம் ஒரே நாளில் நாசமாயின. ஏற்கெனவே பண நெருக்கடியில் இருந்த நிறுவனம், பந்தய அணியைக் கலைத்துவிட்டது.

அதன்பின் கைமாற்றம்தான். 1968இல் பிரான்ஸின் சிட்ரோயன், 1975இல் இத்தாலியக் கார் நிறுவனமான டி தொமாசோ, 1993இல் ஃபியட், 1999இல் பழைய போட்டியாளரான ஃபெராரியின் முழுப் பிடி, 2005இல் மீண்டும் நேரடியாக ஃபியட், இப்போது ஃபியட்டையும் உள்ளடக்கிய ஸ்டெலாண்டிஸ் குழுமம். இவர்களில் பெயருக்கு அதிகக் கேடு விளைவித்தது டி தொமாசோ காலம் என்பேன். 1981இல் வந்த பைடர்போ கார், மசராட்டியைக் குறைந்த விலையில் நிறையப் பேருக்கு விற்கும் முயற்சி. அடிக்கடி பழுதானதால் கெட்ட பெயர்தான் மிஞ்சியது.

ஃபெராரியின் பிடிக்குள் வந்தபிறகு தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் பல மாடல்களுக்கு எஞ்சின் ஃபெராரி ஆலையிலிருந்து வந்தது. எஞ்சினையே உயிராக நினைத்த குடும்பம் தொடங்கிய நிறுவனத்துக்கு அது பொருத்தமாக எனக்குப் படவில்லை. அதனால்தான் 2020இல் எம்சி20 என்ற மசராட்டி கார் வந்தபோது மகிழ்ந்தேன். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 630 குதிரைத்திறன் கொண்ட அதன் எஞ்சினை மோடெனாவில் மசராட்டியே உருவாக்கியது.