ஸ்டூடண்ட் மேனேஜர் மகன் கோச் ஆக முடியுமா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அசிஸ்டன்ட் கோச் வேலை

கேள்வி: மகன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். இங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பொருளாதாரம் படிக்கிறான். கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஸ்டூடண்ட் மேனேஜர், அதாவது ஆடாமல் பந்து, துண்டு என்று அணிக்கு உதவி செய்கிற மாணவன். பள்ளி அணியோடு அவன் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் படிப்பு முடிந்ததும் கோச்சிங்தான், அசிஸ்டன்ட் கோச் ஆகியே தீருவேன் என்கிறான். ஆடாதவனுக்கு அங்கே இடம் உண்டா? சம்பளம், உயர்வு எல்லாம் எப்படி? தடுப்பதா, விடுவதா?

பதில்: தடுக்க வேண்டாம். ஆனால் வருடத்துக்கு ஒரு படி என்று ஏறிக்கொண்டே போகிற வேலை இது இல்லை. அதை வீட்டில் எல்லோரும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. துணைப் பயிற்சியாளரின் தலையெழுத்தில் பாதியை எழுதுவது அவருடைய ஹெட் கோச்தான். அவர் ஜெயித்தால் இவருக்கும் நாலு இடத்திலிருந்து அழைப்பு வரும். அவரை வீட்டுக்கு அனுப்பினால் பெரும்பாலும் இவரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். எந்தக் கல்லூரியில் வேலை என்பதைவிட யாரிடம் வேலை என்பதையே உங்கள் மகன் பார்க்க வேண்டும்.

பெரிய கல்லூரி அணியில் ஆடாதவருக்கு இடம் உண்டா என்பதற்கு டஸ்டி மே ஒருவரே போதும். இண்டியானா பல்கலைக்கழகத்தில் பாப் நைட் கோச்சாக இருந்தபோது அவர் ஸ்டூடண்ட் மேனேஜர். 2000-ல் படிப்பு முடிந்து சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வீடியோ வேலைக்குப் போனார். பிறகு இண்டியானாவுக்கே திரும்பி அதே மாதிரி பின்னணி வேலை. 2005-ல் ஈஸ்டர்ன் மிச்சிகனில் முதல்முறையாக அசிஸ்டன்ட் கோச். அங்கிருந்து மர்ரே ஸ்டேட், பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம், லூசியானா டெக், ஃப்ளோரிடா என்று ஊர் ஊராக மாறினார். 2018-ல்தான் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கில் ஹெட் கோச் ஆனார். 2023-ல் அந்தச் சின்ன அணி ஃபைனல் ஃபோர், அதாவது தேசியப் போட்டியின் அரையிறுதி வரை போய், கடைசி நொடியில் சான் டியாகோ ஸ்டேட்டிடம் ஒரே ஒரு பாயின்டில் தோற்றது. 2024-ல் மிச்சிகன் அவரை அழைத்துக்கொண்டது. படிப்பு முடிந்து அசிஸ்டன்ட் ஆக ஐந்து வருடம், அதிலிருந்து ஹெட் கோச் ஆக இன்னும் பதின்மூன்று. இது நன்றாக நடந்த கதை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பிராட் ஸ்டீவன்ஸ் டிவிஷன் 3 கல்லூரியில் ஆடியவர் (டிவிஷன் 1 மேல் தட்டு, 3 கடைசித் தட்டு). எலை லில்லி மருந்து நிறுவனத்தில் நல்ல வேலையை 2000-ல் விட்டுவிட்டு பட்லர் பல்கலைக்கழகத்தில் அடிமட்டத்தில் சேர்ந்தார். ஏழே வருடத்தில் ஹெட் கோச், 2010-லும் 2011-லும் தேசிய இறுதி ஆட்டம். எல்லாப் பெற்றோரிடமும் பிள்ளைகள் இவர் கதையைத்தான் சொல்வார்கள். நீங்கள் மே கதையைக் கணக்கில் வையுங்கள்.

ஆடியவர்களுக்குத் தனிக் கதவு இருக்கத்தான் செய்கிறது. ஹியூபர்ட் டேவிஸ் நார்த் கரோலினாவில் ஆடி, தொழில்முறை லீக்கான என்பிஏவில் பல வருடம் இருந்து, டிவி வேலையிலிருந்து நேராக 2012-ல் தன் கல்லூரியில் அசிஸ்டன்ட் ஆனார். 2021-ல் ஹெட் கோச். டியூக்கில் ஜான் ஷையர் கதையும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் நுழைந்த கதவு உங்கள் மகனுக்குத் திறக்காது, அவ்வளவுதான்.

சரி, அவருக்குத் திறக்கிற கதவு எது? ஸ்டூடண்ட் மேனேஜருக்கு அடுத்தது கிராஜுவேட் அசிஸ்டன்ட், சுருக்கமாக ஜிஏ. முதுகலை படிப்புக் கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும், கையில் கொஞ்சம் உதவித்தொகை தரும், வேலை மட்டும் விடிய விடிய இருக்கும். அதற்கு மேல் வீடியோ கோஆர்டினேட்டர், பிளேயர் டெவலப்மென்ட், பேஸ்கட்பால் ஆபரேஷன்ஸ் டைரக்டர் என்ற பதவிகள். ஆபரேஷன்ஸ் டைரக்டர் என்றால் பயணம், ஓட்டல், சாப்பாடு, அட்டவணை எல்லாம் அவர் தலையில். அதற்கும் மேலேதான் அசிஸ்டன்ட் கோச், அசோசியேட் ஹெட் கோச்.

முன்பு ஒரு டிவிஷன் 1 அணிக்கு மூன்று அசிஸ்டன்ட்கள்தான். வீடியோ அறைக்காரர் பயிற்சியின்போது ஓர் ஆட்டக்காரரிடம் "காலை இப்படி வை" என்று சொன்னாலே விதிமீறல். 2023 ஜூலையிலிருந்து களத்தில் இறங்கிச் சொல்லித்தர மேலும் இருவருக்கு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அனுமதி தந்தது. 360 சொச்சம் கல்லூரிகள் இருக்கிற பிரிவில் இது பெரிய மாற்றம். மகன் மாதிரி ஆட்களுக்கு, முன்பு வீடியோ அறையோடு நின்றுபோன பாதை இப்போது களம் வரை வருகிறது.

அசிஸ்டன்ட் என்னதான் செய்கிறார் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இரண்டு வேலைகள். ஒன்று ஸ்கவுட். எதிரணிகளை அசிஸ்டன்ட்கள் ஆளுக்குச் சில என்று பிரித்துக்கொள்வார்கள். உங்கள் பங்குக்கு வந்த அணியின் கடைசி ஐந்தாறு ஆட்டங்களை சினெர்ஜி மென்பொருளில் போட்டு, ஒவ்வொரு தாக்குதலாகப் பார்த்து, அவர்கள் எந்த ஆட்டமுறைக்கு என்ன பெயர் சொல்லிக் கத்துகிறார்கள், கோச் எந்த விரலைக் காட்டினால் என்ன வருகிறது என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டு வரி: "12-ம் எண், இடது பக்கம் போனால்தான் ஆபத்து, வலது பக்கம் தள்ளு. 5-ம் எண் மூன்று பாயின்ட் போட மாட்டான், விட்டுக் கொடு." அவ்வளவையும் பத்து நிமிடத்துக்குள் முடிகிற வீடியோவாகச் சுருக்க வேண்டும், ஏனென்றால் இருபது வயதுப் பையன்கள் அதற்கு மேல் பார்க்க மாட்டார்கள். மறுநாள், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் இருக்கும் வாக்-ஆன் பையன்களுக்கு எதிரணியின் ஆட்டமுறைகளைக் கற்றுக்கொடுத்து, அவர்களைக் கொண்டு முதல் ஐவருக்கு ஆடிக்காட்ட வேண்டும். ஆட்டம் நடக்கும்போது எதிரணி கோச் வாயைத் திறந்ததும் இங்கே பெஞ்சிலிருந்து எழுந்து வரப்போவது என்ன என்று கத்த வேண்டும். "நல்லா ஸ்கவுட் பண்ணுவான்" என்று பெயர் வாங்கினால் அந்தப் பெயர் அடுத்த கல்லூரி வரை போகும்.

இரண்டாவது ரெக்ரூட்டிங். கோடை முழுவதும் பள்ளிப் பையன்களின் கிளப் போட்டிகளில் உட்கார்ந்திருப்பது, அம்மா, மாமா, கிளப் கோச் என்று எல்லோரோடும் வருடக்கணக்கில் பேச்சு வைத்திருப்பது. பெரும்பாலான அசிஸ்டன்ட்களை வேலைக்கு எடுப்பது இதை நம்பித்தான். இதில் சாதித்தவர் டாமி லாய்டு. கொன்சாகாவில் இருபது வருடத்துக்கு மேல் ஹெட் கோச் மார்க் ஃபியூவிடம் வேலை செய்தார். வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு மூலையில் உள்ள சின்னக் கல்லூரிக்கு பிரான்ஸிலிருந்து ரோனி தூரியாஃப், ஜப்பானிலிருந்து ரூய் ஹாச்சிமுரா என்று வெளிநாட்டுப் பையன்களைக் கொண்டுவந்தார். வேறு யாரும் சரியாகப் போகாத சந்தை அது. 2021-ல் அரிசோனா நேராக ஹெட் கோச்சாக அழைத்தது. முதல் வருடமே 33 வெற்றி. உங்கள் மகனுக்கும் இப்படி, "இதுக்கு அவனைக் கூப்பிடு" என்று சொல்லும்படியான ஒரு வேலை கையில் இருக்க வேண்டும்.

ரெக்ரூட்டிங்கில்தான் சேறும் இருக்கிறது. 2017 செப்டம்பரில் எஃப்பிஐ ஒரே நாளில் ஆபர்ன், அரிசோனா, ஒக்லஹோமா ஸ்டேட், சதர்ன் கலிஃபோர்னியா என்ற நான்கு கல்லூரிகளின் அசிஸ்டன்ட்களைக் கைது செய்தது. ஆட்டக்காரர்களைக் குறிப்பிட்ட ஏஜெண்டுகளிடம் அனுப்பப் பணம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய ஹெட் கோச்கள் யாரும் கைதாகவில்லை. 2021-ல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்துவிட்டது, 2025-26 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். அன்று மறைவில் நடந்த பேச்சில் பாதி இன்று ஒப்பந்தத்திலேயே வந்துவிடுகிறது.

இனி சம்பளம். 1978-ல் ராய் வில்லியம்ஸ் நார்த் கரோலினாவில் டீன் ஸ்மித்திடம் பகுதிநேர அசிஸ்டன்டாகச் சேர்ந்தபோது வருடத்துக்கு 2,700 டாலர். வீடு நடத்த அணியின் காலண்டர் விற்றார். பத்து வருடம் கழித்து கான்சாஸ் அவரை ஹெட் கோச் ஆக்கியது. 1990-களின் தொடக்கத்தில் என்சிஏஏ ஒரு விதியே போட்டது: அணியின் அசிஸ்டன்ட்களில் ஒருவருக்கு வருடத்துக்கு 16,000 டாலருக்கு மேல் தரக் கூடாது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள், 1999-ல் 54.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. இன்று பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக்) அணிகளில் மூத்த அசிஸ்டன்ட்கள் பல லட்சம் டாலர் வாங்குகிறார்கள். சின்னக் கல்லூரியில் அசிஸ்டன்டின் சம்பளம் ஒரு பள்ளி ஆசிரியர் வாங்குகிற அளவில்தான் இருக்கும், ஒப்பந்தமும் வருடா வருடம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகச் சம்பளங்கள் பொதுத் தகவல். மகனின் கல்லூரியில் இப்போது இருக்கும் அசிஸ்டன்ட்கள் என்ன வாங்குகிறார்கள் என்று நீங்களே இணையத்தில் தேடிப் பார்த்துவிடலாம்.

மார்ச் மாதம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். சீசன் முடிந்ததும் டிவிஷன் 1-ல் வருடத்துக்கு ஐம்பது அறுபது ஹெட் கோச்கள் மாறுகிறார்கள். ஒவ்வொருவரோடும் நாலைந்து அசிஸ்டன்ட்களின் குடும்பமும் நகர்கிறது. ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரில் கோச்கள் சங்கத்தின் மாநாடும் நடக்கும். ஓட்டல் லாபியில் கையில் காபியோடு நின்று பேசுகிறவர்களில் பலர் வேலை தேடி வந்தவர்கள். அங்கே விண்ணப்பத்துக்கு மதிப்பில்லை, உங்களுக்காக யார் போன் போடுகிறார் என்பதற்குத்தான் மதிப்பு.

இன்னொரு வழியும் இருக்கிறது. பெரிய இடத்தில் ஐந்தாவது ஆளாக உட்காராமல், சின்ன இடத்தில் சீக்கிரம் ஹெட் கோச் ஆகிவிடுவது. பென் மெக்காலம் அப்படித்தான். டிவிஷன் 2-ல் நார்த்வெஸ்ட் மிசூரி ஸ்டேட்டில் நான்கு தேசியப் பட்டங்கள் வாங்கினார். 2024-ல் டிரேக், அடுத்த வருடமே ஐயோவா. ஜான் பைலைன் வாழ்நாளில் அசிஸ்டன்டாக இருந்ததே இல்லை. மிச்சிகன் வரை ஹெட் கோச்சாகவே ஏறினார். ஆடாதவருக்கு இந்த வழிதான் நியாயமானது என்பது என் கருத்து. அங்கே முடிவெடுக்கிற பழக்கம் வரும். ஆனால் சம்பளம் குறைவு, பஸ்ஸை ஓட்டுவதைத் தவிர எல்லா வேலையும் நீங்களே, சில இடங்களில் அதுவும்.

இந்த ஒரு வருடத்தில் மகன் செய்ய வேண்டியது என்ன? துண்டு மடிப்பதோடும் பந்து எடுத்துப் போடுவதோடும் நிற்காமல் வீடியோ வெட்டும் வேலையைக் கேட்டு வாங்கட்டும். ஓர் அசிஸ்டன்டிடம் போய் "உங்க ஸ்கவுட்ல பாதி நான் பண்றேன்" என்று சொன்னால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கோடையில் மற்ற கல்லூரிகள் நடத்தும் பயிற்சி முகாம்களில் வேலைக்குப் போகட்டும். 1980-களில் கான்சாஸ் கோச் லாரி பிரவுன் நடத்திய முகாமில் வேலை செய்தபோது பில் செல்ஃப் முழங்காலில் அடிபட்டார். ஏதாவது உதவி வேண்டுமா என்று பிரவுன் கேட்க, ஜிஏ வேலை கொடுங்கள் என்றார் செல்ஃப். கொடுத்தார். பின்னாளில் அதே கான்சாஸுக்கு 2008-லும் 2022-லும் பட்டம் வாங்கித் தந்தவர் அவர். (ஆட்டத்துக்கு முந்தின இரவு இரு கல்லூரி மேனேஜர்களும் தங்களுக்குள் ஆடும் ஆட்டத்தையும் விட வேண்டாம். அங்கே பழகுகிற பையன்கள்தான் பத்து வருடம் கழித்து எங்காவது அசிஸ்டன்டாக இருப்பார்கள்.)

ஜிஏ வேலைக்கு அழைப்பு வந்தால் மூன்றைக் கேட்க வேண்டும். ஹெட் கோச்சின் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் பாக்கி? அவரிடம் முன்பு ஜிஏவாக இருந்தவர்கள் இப்போது எங்கே? ஸ்கவுட்டில் கை வைக்க விடுவார்களா? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இல்லையென்றால், கல்லூரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். முப்பது வயது நெருங்கியும் முழுநேர அசிஸ்டன்ட் பதவி வரவில்லை, யாரும் போன் போடவும் இல்லை என்றால், என்பிஏ வீடியோ அறை, ஸ்கவுட்டிங், பள்ளி கோச்சிங் என்று திரும்பிவிடலாம். அது ஒன்றும் தோல்வி இல்லை.

முதுகலையில் என்ன பாடம் என்று அவர் கட்டாயம் கேட்பார். ஜிஏக்களில் பாதிப் பேர் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் எடுக்கிறார்கள், நேரம் ஒத்துவரும் என்பதற்காக. பொருளாதாரம் படித்தவர் புள்ளியியல் பக்கம் போனால் நல்லது. பல கல்லூரி அணிகள் இப்போது ஜெனரல் மேனேஜர் என்று ஒருவரை வைத்து, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் வருகிற ஆட்டக்காரர்களில் யாருக்கு எவ்வளவு தரலாம் என்று கணக்குப் பார்க்கச் சொல்கின்றன. அந்த அறையில் இன்னும் கூட்டம் சேரவில்லை.