ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியா, தனியாரா?

பொண்ணு அஞ்சாவது முடிக்கிறா, அடுத்து எங்க சேர்க்கலாம்னு கேட்டிருக்கீங்க. தமிழ்நாட்டுல ஆறாவதுதாங்க முக்கியமான கட்டம், ஏன்னா ஆறுலேர்ந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலயே படிச்சாதான் மெடிக்கல் சீட்ல 7.5% உள் ஒதுக்கீடு கிடைக்கும் (2020ல வந்தது, அடுத்த வருஷம் இன்ஜினியரிங்குக்கும் குடுத்துட்டாங்க), பொண்ணுங்க காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வேற. நடுவுல ரெண்டு வருஷம் பிரைவேட்ல போட்டுட்டு ஒம்பதாவதுக்குத் திரும்ப வந்தா பொதுவா இது போயிடும்.

அதுக்காக கண்ண மூடிட்டு சேர்த்துடாதீங்க. ஒரு நாள் நேர்ல போங்க, கணக்குக்கும் சயின்ஸுக்கும் டீச்சர் இருக்காங்களா, பொண்ணுங்க டாய்லெட்ல தண்ணி வருதான்னு பாருங்க. என் பையனை பிரைவேட்லதான் போட்டேன், ஃபீஸ் கட்டியும் சாயந்தரம் டியூஷனுக்கு ஓடிட்டுதான் இருக்கான்!