வாக்காளர் பட்டியலும் கடன் அட்டையும்

கேள்வி: லண்டனில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. சம்பளம் நன்றாக இருந்தும் என் கடன் அட்டை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததே காரணம் என்கிறார் நண்பர். இந்தியக் குடிமகனான எனக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தும், ஆனால் அது ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் போன்ற, கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் நிறுவனங்கள், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய பெயரும் முகவரியும் மெய்தானா என்பதை அந்தப் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. காமன்வெல்த் நாட்டவர் என்பதால், முறையான விசாவுடன் வசிக்கும் நீங்கள் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். விளம்பரக் கடிதங்களுக்கு அஞ்சி, யாரும் விலைக்கு வாங்கக்கூடிய ‘திறந்த பட்டியல்’ என்ற பிரதியிலிருந்து விலகினாலும் பாதகமில்லை; கடன் சோதனைக்குப் பயன்படுவது முழுப் பட்டியல்தான். நம்மவர்கள் இடறுவது பெரும்பாலும் பெயரில்: வங்கிக் கணக்கில் தந்தை பெயர் முழுதாகவும், பட்டியலில் வெறும் முதலெழுத்தாகவும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கணினிக்குத் தெரியாமல் போகக்கூடும்.