ரத்தம் அமிலமாகவில்லை, தாகத்தைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 46. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். சில வாரங்களாகச் சோர்வு, புளித்த ஏப்பம், அடங்காத தாகம். இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுகிறேன். எடையும் நாலு கிலோ குறைந்துவிட்டது. உடம்பில் அமிலம் கூடினால் புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்து, ஸ்ட்ரிப் வாங்கிச் சிறுநீரைச் சோதித்தேன். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 5.5 என்று வந்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன். இப்போது விரல்களில் மதமதப்பு. என் ரத்தம் அமிலமாகிவிட்டதா?

பதில்: இல்லை. சிறுநீர் ஸ்ட்ரிப்பை வைத்து ரத்தத்தை அளக்க முடியாது. சிறுநீரின் பி.எச். 4.5 முதல் 8 வரை எங்கே இருந்தாலும் இயல்புதான். ரத்தமோ 7.35-க்கும் 7.45-க்கும் நடுவிலேயே நிற்கும். பி.எச். ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்குப்படி உங்கள் சிறுநீரின் அமிலத்தன்மை ரத்தத்தைப்போல் சுமார் 80 மடங்கு. அமிலத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் தினசரி வேலை. அதைத்தான் அது செய்திருக்கிறது. கரியமில வாயுவை நுரையீரல் பார்த்துக்கொள்கிறது, இடையில் சேரும் அமிலத்தை ரத்தத்திலுள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருள் முறித்துச் சமாளிக்கிறது.

புற்றுக்கட்டி தன்னைச் சுற்றி அமிலத்தை உண்டாக்கும் என்பது உண்மை. அதைத் தலைகீழாகத் திருப்பி, அமிலம்தான் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று எழுதிப் பரப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏப்பத்தையும் விடுங்கள். இரைப்பை அமிலமாகத்தான் இருக்க வேண்டும். சோடா அதோடு சேர்ந்தால் வாயு வரும், ஏப்பம் இன்னும் கூடும்.

சோடாவை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் போட்டுக்கொண்டு இதையும் குடிப்பது என்ன நியாயம்? சோடா காரம், அதனால் ரத்தம் அமிலத்துக்கு எதிரான காரப்பக்கம் சாய்ந்தால் கால்சியம் புரதத்தோடு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், நரம்புக்குக் கிடைப்பது குறையும். விரல் மதமதப்புக்கு அது காரணமாக இருக்கலாம். பொட்டாசியமும் இறங்கும். உங்கள் மாத்திரை சிறுநீரை அதிகம் போகவைக்கும் வகை என்றால் இன்னும் இறங்கி, இதயத் துடிப்பையே குழப்பும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்கள்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன: தாகம், இரவுச் சிறுநீர், எடைக் குறைவு. இவை மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சர்க்கரை நோயை. ரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாது. சர்க்கரை வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இன்சுலின் மிகவும் குறைந்துபோனால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் பிறக்கும் கீட்டோன்கள் அமிலங்கள். அவை குவிந்தால் பைகார்பனேட் தீர்ந்துபோய், அப்போது ரத்தம் உண்மையிலேயே அமிலமாகும், பி.எச். 7.3-க்குக் கீழே போகும்.

அதை வீட்டில் காட்டிக்கொடுப்பது மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கும். கரியமில வாயுவை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்க நுரையீரல் போராடுகிறது. கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழ வாசனை, மயக்கம் போன்ற தூக்கம் வரலாம். இப்படி ஆனால் நடுராத்திரி என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சோடா இதைச் சரிசெய்யாது. நரம்பு வழியாகத் திரவமும், பொட்டாசியமும், இன்சுலினும்தான் சிகிச்சை.

இப்போதைக்கு அந்த நிலை இல்லை என்றாலும், வெறும் வயிறாக வேண்டும் என்று நாளைவரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ரத்தச் சர்க்கரை பாருங்கள். இந்த அறிகுறிகளோடு 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய்தான். அப்படி வந்தால் அதே நாளில் கீட்டோனும், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோடா குடித்து வந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சமையல் சோடாவும் பைகார்பனேட்தான் என்பதால், ரத்தத்தில் அதன் அளவை அவர் சரியாகப் புரிந்துகொள்ள அது தேவை.